சரிவில் காட்டிய கை

"இது யாரு செஞ்ச வேலை?" என்று யார் எங்கே கேட்டாலும், மருந்துக்கடைக்காரியின் வாயில் முதலில் வருவது "நான்தான்" என்ற ஒரே வார்த்தை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். அந்த வீட்டில் அடிப்பிடித்த பாத்திரம், காணாமல் போன சாவி, சாயம் இறங்கிய சட்டை, அடிக்காத அலாரம் எல்லாம் அவள் தலையில்தான் விடியும். அதில் பாதிக்கு மேல் அவள் செய்யாதது. ஒரு தடவை அவள் புருஷன் வேனைப் பின்னால் எடுக்கும்போது விளக்குக் கம்பத்தில் இடித்துக் கதவு நெளிந்துபோனது. அந்த நேரத்தில் அவள் கடையில் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தாள். ஆனாலும் மாமியார் கேட்டபோது, "நான்தான் போன் பண்ணிட்டேன் அத்தை, அதுல கவனம் சிதறிடுச்சு" என்று முந்திக்கொண்டு சொன்னாள். போனும் பண்ணவில்லை, ஒன்றும் பண்ணவில்லை.

இதைத் தியாகம் கியாகம் என்று யாரும் தூக்கி வைத்துப் பேச வேண்டாம். அவளுக்கு அது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். "நான்தான்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அவள் புருஷன் முகம் விழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த மனுஷனுக்குத் தன் கையால் ஒன்று கெட்டுப்போனது என்றால் ரெண்டு நாள் சாப்பாடு இறங்காது.

புருஷனை ஊரே வேன் மாமா என்றுதான் கூப்பிடும். மஞ்சள் வேன், பதினாறு பிள்ளைகள், காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் வீடு. பத்தொன்பது வருஷமாக அதே வேலை. முதல் வருஷம் ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவரிடம் விடுகிறார்கள். வேனை விட்டு இறங்கினால் அவருக்குப் பேசக்கூட வராது. கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, "வண்டிய பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து போகிற ஆள்.

அவருக்கு என்று இருந்த ஒரே ஆசை ஒரு படகு. நாலு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு சின்ன மோட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேனுக்குப் பின்னால் ட்ரெய்லரை மாட்டி, அதில் படகை ஏற்றி, ஏரிக்குப் போவார்கள். அவர் தூண்டில் போடுவார். அவள் ஒரு நாவலைப் பிரித்து வைத்துக்கொண்டு தூங்குவாள். பெரும்பாலும் மீன் கிடைக்காது.

படகைத் தண்ணீரில் இறக்குவது பெரிய காரியமில்லை. சாயங்காலம் திரும்ப ஏற்றுவதில்தான் இருக்கிறது வேடிக்கை. ஏரிக்கரையில் சிமெண்டுச் சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. ஒரே நேரத்தில் ரெண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் ரிவர்ஸில் இறங்கலாம். நடுவில் போட்டிருந்த கோடு எப்போதோ அழிந்துவிட்டது. வெயில் தாழ்ந்ததும் எல்லாப் படகும் ஒரே சமயத்தில் கரைக்கு வரும், எல்லா வண்டியும் ஒரே சமயத்தில் உறுமும். ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் போவதென்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் மறுபக்கம் போகும். புருஷன் கத்துவான், பெண்டாட்டி பதிலுக்குக் கத்துவாள். அந்தச் சண்டைகளைப் பார்ப்பதற்கென்றே சிலர் குடும்பத்தோடு ஐஸ்க்ரீம் வாங்கிக்கொண்டு மரப்பாலத்தில் வந்து உட்காருவார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பொழுதுபோக்குதான்.

வேன் மாமாவும் மருந்துக்கடைக்காரியும் மட்டும் அங்கே கத்தியதே கிடையாது. சரிவில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவள் முழங்கால் தண்ணீரில், ட்ரெய்லரின் இடது ஓரத்துக்கு அப்பால் நிற்பாள். அவர் இடது கண்ணாடியில் அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு வருவார். கையைத் தலைக்கு மேல் சுழற்றினால் வா. எந்தப் பக்கம் நீட்டுகிறாளோ அந்தப் பக்கம் ஒடி. விரலை மடக்கித் தூக்கினால் நில். ஒருவேளை கண்ணாடியில் தவறிவிட்டால், வண்டியின் உடம்பில் ரெண்டு தட்டு. அதற்கும் நில் என்றுதான் அர்த்தம். மூன்று நிமிஷத்தில் படகு மேலே ஏறி, வேன் ரோட்டுக்கு வந்துவிடும். சரிவைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி, எந்நேரமும் வாயில் விசிலோடு நிற்பதால் விசில் என்றே பேர் வாங்கியவன், புதிதாக வருகிறவர்களிடம் "அந்த மஞ்ச வேனைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று கைகாட்டுவான்.

அவளுடைய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் அந்தத் துறையில் எல்லோருக்கும் அடையாளம். படகை விட்டு இறங்கின பிறகும் கழற்ற மாட்டாள். "அது இருந்தா எனக்கு பளிச்சுனு தெரியுது" என்று போன வருஷம் அவர் சொன்னார். அதற்கு முந்தின வருஷங்களில் அப்படிச் சொன்னதில்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் தூண்டில் முள் வைக்கும் டப்பாவில் கண் அழுத்தத்துக்குப் போடும் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று கிடந்தது. அவள் பதினெட்டு வருஷமாக அந்த மருந்தை விற்கிறவள். அதை வாங்க வருகிறவர்களிடம் "ஒரு வேளைகூட விட்டுடாதீங்க, போனது போனதுதான், இருக்கறதையாவது காப்பாத்திக்கணும்" என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தவள். தன் கடையில் வாங்காமல், ஊர்க் கோடியில் இன்னொரு கடையில் போய் வாங்கியிருக்கிறார். குப்பி பாதி காலியாக இருந்தது. டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த மாதம் டிரைவர்களுக்கான கண் பரிசோதனை வந்தது. ஒருநாள் சாயங்காலம் அவர் போனை நீட்டினார். பரிசோதனை அறையின் சுவரில் தொங்கும் எண் அட்டையின் போட்டோ. மேலே பெரிய எண், கீழே போகப் போகச் சின்ன எண்கள், ஆறு வரி.

"அங்க போனா ஒரே படபடப்பா இருக்கு. கொஞ்சம் சொல்லிக்குடு," என்றார்.

"இடது கண்ணா?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். அதைவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மாதிரி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாலு நாள் ஒப்பிக்க வைத்தாள். நாலாவது வரி: ஏழு, ரெண்டு, ஒம்பது, மூணு, அஞ்சு. ஐந்தாவது வரி: ஆறு, மூணு, எட்டு, ரெண்டு, நாலு, ஒம்பது. அவர் பாஸாகி வந்தார், வரும்போது இனிப்பு வாங்கி வந்தார். அவளுக்கு அந்த எண்கள் நாக்கைவிட்டுப் போகவில்லை. வெங்காயம் உரிக்கும்போதும், கடையில் மாத்திரை எண்ணும்போதும் ஆறு மூணு எட்டு என்று தானாக ஓடும். ரெண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. எல்லாவற்றையும் பூசி மெழுகி நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமைதான் அந்தப் பூச்சில் விரிசல் விட்டது. வேனில் வரும் ஒரு குழந்தையின் அம்மா, சளிமருந்து வாங்க வந்தவள், சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"அக்கா, மாமா இன்னிக்கு என்ன அவசரத்துல இருந்தாரு? பாப்பா இறங்கி முடிக்கறதுக்குள்ள வண்டி நகர்ந்துடுச்சு. பை கதவுல மாட்டி ரெண்டு அடி இழுத்துட்டுப் போயிடுச்சு. நல்ல வேளை, நான் கூடவே இருந்தேன், கத்தினேன்."

பிள்ளைகள் ஏறி இறங்குகிற கதவு வேனின் இடது பக்கம்.

"நான்தாம்மா சீக்கிரம் வரச் சொல்லியிருந்தேன். என் தப்பு," என்றாள். வாய்க்கு அது பழகிப்போய்விட்டது.

அன்றைக்கே அவரிடம் நேராகக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்டால் அவர் "தெரியுது, தெரியுது" என்பார். அவளும் சரி என்று விட்டுவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? அதனால் கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை சரிவில் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, கருநீலச் சட்டையோடு நிற்பது. அவருக்கு அவளைத் தெரிந்தால் எப்போதும்போல வருவார். தெரியாவிட்டால் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டி, "எங்க நிக்கற?" என்று கேட்பார். கேட்டுவிட்டால் அப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்குக் கண்ணாமூச்சி விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள் அந்தப் புத்திசாலி.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கே காற்று எழும்பி ஏரி கறுத்துவிட்டது. வெயில் மேகத்துக்குப் பின்னால் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு மணிவரை இருக்க வேண்டிய படகுகள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு கரைக்கு வந்தன. மேலே ரோட்டில் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. விசில் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை. வேன் மாமா படகை மரப்பாலத்தில் கட்டிவிட்டு வண்டியை எடுத்துவர மேலே போனார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இன்னிக்கு நல்லா மாட்டிக்கிட்டோம்," என்று பக்கத்தில் குரல் கேட்டது. பல் டாக்டரம்மா. போன வருஷம் இவளுடைய கடைவாய்ப் பல்லை வலி தெரியாமல் எடுத்தவள். அவளும் அவள் புருஷனும் இந்தக் கோடையில்தான் படகு வாங்கியிருந்தார்கள்.

"உங்க ரெண்டு பேரையும் பார்த்துதான் நாங்க கத்துக்கறோம். பாருங்க, ஜாக்கெட்கூட உங்களுது மாதிரியே தேடிப்பிடிச்சு வாங்கிட்டேன். கை காட்டறதும் அப்படியே உங்க ஸ்டைல்தான். எங்க வீட்டுக்காரருக்கு இப்பதான் இடது வலது புரிய ஆரம்பிச்சிருக்கு."

மருந்துக்கடைக்காரி சிரித்தாள். தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகுக்குள் போட்டாள். அவள் மனசு முழுக்கத் தன் சோதனையில் இருந்தது. பல் டாக்டரம்மா போட்டிருந்த ஜாக்கெட் அவள் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

விசில் ரெண்டு வண்டிகளை இறங்கச் சொன்னான். டாக்டரம்மா வீட்டு வண்டி முதலில் இறங்கி, ட்ரெய்லரைத் தண்ணீரில் விட்டு நின்றது. அவள் புருஷன் ஓடிப்போய்ப் படகில் ஏறி, மோட்டாரைக் கிளப்பி, சுற்றிக்கொண்டு வந்தான். டாக்டரம்மா தன் ட்ரெய்லருக்குப் பக்கத்தில், ஏரியைப் பார்த்து, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கையைத் தலைக்கு மேல் சுழற்றினாள். வா, வா.

பக்கத்துத் தடத்தில் மஞ்சள் வேன் ரிவர்ஸில் இறங்கியது. மருந்துக்கடைக்காரி படகைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் வழக்கமான இடத்தில் போய் நின்றாள். கையைச் சுழற்றினாள். வேன் நேராக வந்தது. பாதிச் சரிவில், "கொஞ்சம் வலது பக்கம்" என்று கையை நீட்டினாள். வேன் மாமாவின் தலை இடது கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்தாள். அதே நேரம் டாக்டரம்மா, படகில் வரும் தன் புருஷனுக்காக, தன் ட்ரெய்லர் பக்கம் கையை நீட்டினாள். வேன் மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். ட்ரெய்லர் இடது பக்கம் வாலைத் திருப்பியது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் நிறுத்தவில்லை, தலையை நீட்டவில்லை, எங்கே நிக்கற என்று கேட்கவில்லை. கண்ணாடியில் ஒரு ஆரஞ்சு நிறம் கையை ஆட்டிக்கொண்டிருந்தது, அவர் அதை நம்பி வந்துகொண்டிருந்தார். அந்த ஆரஞ்சு முதுகைக் காட்டுகிறதா முகத்தைக் காட்டுகிறதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவள் விரல்களை மடக்கிக் கையை உயர்த்தினாள். ட்ரெய்லர் நிற்கவில்லை. கத்தியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் அந்தச் சரிவில் வாய் திறக்காத பழக்கம் விடவில்லை. ஓடினாள், முழங்கால் தண்ணீரில் எங்கே ஓடுவது? வேனின் உடம்பில் ரெண்டு தட்டுத் தட்டினாள். வேன் நின்றது. அதற்குள் ட்ரெய்லரின் பின்மூலைக் கம்பம் டாக்டரம்மாவை அவளுடைய ட்ரெய்லர்மேல் தள்ளி, வலது கையை ரெண்டு இரும்புக்கும் நடுவில் பிடித்துவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை. டாக்டரம்மாவும் அலறவில்லை. "ஐயோ கை," என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். விசில் தண்ணீரில் இறங்கினான். ரெண்டு பேர் அவளைத் தாங்கி மரப்பாலத்தில் உட்கார வைத்தார்கள். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளி வீங்கியிருந்தது. அவள் புருஷன் படகை அப்படியே விட்டுவிட்டு நீந்தி வந்தான். ஐஸ்க்ரீம் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

வேன் மாமா வண்டியை விட்டு இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா இது, உங்களைத்தானே ஊருக்கே காட்டிக்கிட்டிருந்தேன்," என்றான் விசில். நோட்டை எடுத்தான். அடிபட்டால் எழுதியாக வேண்டும். "யாரு சிக்னல் குடுத்தது?"

வேன் மாமா வாயைத் திறந்தார். கூட்டத்தில் பெண்டாட்டியைத் தேடினார். அவள் அவருக்கு இடது பக்கம் நின்றதால் தேட வேண்டியிருந்தது. "இவதான் வரச் சொன்னா. நான் கண்ணாடியப் பார்த்துதான் வந்தேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவள் வாய்க்குள்ளேயே இருந்தன. இவருக்கு இடது கண் தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் எண்களை ஒப்பிக்க வைத்துப் பாஸ் பண்ண வைத்தேன். நாளைக்குக் காலையில் இதே வேனில் பதினாறு பிள்ளைகள் ஏறப்போகின்றன. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் பார்வை அவள் முகத்தில் இருந்தது, அது கெஞ்சியது.

"நான்தான்," என்றாள். "கைய தப்பா காட்டிட்டேன்."

கூட்டத்தில் யாரோ, "அதான் பார்த்தேன், பொம்பளைங்கள நிக்க வெச்சா இப்படித்தான்," என்றான். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"இல்லையே அக்கா," என்று மரப்பாலத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. டாக்டரம்மா வலியில் கண்ணீர் வழிய நிமிர்ந்து பார்த்தாள். "வண்டிச் சத்தம் கிட்டக்க கேட்டு நான் திரும்பினேன். நீங்க கைய மடக்கி தூக்கியிருந்தீங்க. நிறுத்துன்னுதானே காட்டினீங்க. நான் பார்த்தேனே."

"இல்லம்மா. நீங்க சரியா பார்க்கல."

"பார்த்தேன் அக்கா."

"வலியில அப்படித் தோணுது. நான் வான்னுதான் காட்டினேன்."

டாக்டரம்மா அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் சந்தேகம் வந்து, "அப்ப என் கையப் பார்த்து வந்துட்டாரோ என்னவோ. நான்தான் உங்க இடத்துப் பக்கமா தள்ளி நின்னுட்டேன் போல," என்றாள். கை உடைந்தவள், அந்தக் கையை வைத்துத்தான் அவள் பிழைப்பு, அவள் தன் தலையில் பழியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மருந்துக்கடைக்காரிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் தான் சொன்ன "நான்தான்" கேட்கிறவர் காதில் எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

டாக்டரம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் படகை வேறு யாரோ கரை சேர்த்தார்கள். மேலே வரிசையில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. யார் கை உடைந்தாலும் இருட்டுவதற்குள் படகு ஏற வேண்டுமே.

வேன் மாமா அவள் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "ஜாக்கெட்ட போட்டுக்கோ," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது, எவ்வளவு தெரியவில்லை என்பது. அவள் படகுக்குள்ளிருந்து ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பட்டையை இறுக்கினாள்.

வேன் மேலே போய் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை அவள் கண்ணாடிக்கு எதிரே, வேறு ஆள் குறுக்கே வராத இடமாகப் பார்த்து நின்று, ஆரஞ்சுக் கையைச் சுழற்றினாள். ட்ரெய்லர் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. சக்கரம் முங்கியதும் விரலை மடக்கினாள். வேன் நின்றது. படகின் கயிற்றைப் பிடித்து இழுத்து, மூக்கை ரப்பர் உருளைகளுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தாள். அவர் இறங்கி வந்து, ட்ரெய்லர் முனையில் கையால் சுற்றும் வின்ச்சிலிருந்து பட்டையை இழுத்துப் படகின் மூக்கு வளையத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். கடக், கடக் என்று படகு ஏறி உட்கார்ந்தது. சங்கிலியைப் பூட்டினார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. மரப்பாலத்தில் நின்றவர்களில் ஒருவர், "பரவாயில்லையே, தேறிட்டாங்க," என்றார்.

மேலே வந்ததும் அவள் குனிந்து படகின் அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கினாள். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் ஒழுகி முடிய வெகுநேரம் ஆயிற்று. ரெண்டு பேரும் அது ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேனில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் ஒட்டியிருந்த நட்சத்திர ஸ்டிக்கர்கள் ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக இருந்தன. தெரு முனையில் அவர் சொன்னார்: "வெயில் நேரா கண்ணாடியில அடிச்சுது. அதான். நாளைக்கு ஒண்ணும் இருக்காது."

"வெயில் ஏதுங்க?" என்றாள் அவள்.

அவர் வேனை வீட்டுத் தெருவுக்குள் திருப்பினார். அவள் மேலே கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு ஐம்பது. அவர் ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, வேனைத் துடைத்து, டிபன் டப்பாவை முன் சீட்டில் வைத்தார். எப்போதும்போல "வரேன்" என்றார். அவள் எப்போதும் வாசல் படியில் நின்று தலையாட்டுவாள். அன்றைக்குப் படியை விட்டு இறங்கி, வேனின் இடது பக்கம், பிள்ளைகள் ஏறுகிற கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மேலே வீட்டுச் சேலைதான், வெளிறிய சாம்பல் நிறம். விரல்களை மடக்கிக் கையை உயர்த்தினாள். நில்.

அவர் இடது கண்ணாடியைப் பார்த்தார். பார்த்ததை அவள் பார்த்தாள். கண்ணாடியில் அவர் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது; கவனமான முகம், பத்தொன்பது வருஷமாக எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழவிடாத முகம். அவளைத் தாண்டி வாசல் படிப்பக்கமாகக் கையை ஆட்டிவிட்டு, வண்டியை எடுத்தார். கதவு அவள் தோளை உரசிக்கொண்டு போயிற்று.

உள்ளே போய் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். வேன்களைக் கவனிக்கிற அம்மாள்தான் எடுத்தாள். முதல் பிள்ளை ஏறும் இடத்துக்கு ஏழு நிமிஷ ஓட்டம், அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். கண்ணைப் பற்றிச் சொன்னாள். எண் அட்டையைப் பற்றிச் சொன்னாள். பையோடு இழுபட்ட குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க யாரு பேசறீங்க?" என்றாள்.

"அவர் வீட்டுக்காரி," என்றாள்.

எட்டு மணிக்கு அவர் நடந்து வந்தார். அவர் தெருவில் நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். கையில் திறக்காத டிபன் டப்பா. வேன் சாவி இல்லை. உள்ளே வந்து சாப்பாட்டு மேஜையில், எண்கள் ஒப்பித்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல் ஸ்டாப்லயே நிறுத்திட்டாங்க. சாவிய வாங்கிக்கிட்டாங்க," என்றார். "பிள்ளைங்க எல்லாம் பார்த்துட்டு நின்னுச்சு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"யாரோ போன் பண்ணியிருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க." டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டே, அவள் நிற்பாள் என்று நினைத்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அந்த டாக்டரம்மா புருஷனா இருக்குமோ?"

"இல்லங்க. நான்தான்," என்றாள் மருந்துக்கடைக்காரி.

சொல்லி முடித்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். இதுவரை அந்த வார்த்தையைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். இன்றைக்கு அது முடியவில்லை. அவர் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, தலையைத் திருப்பி அவளைப் பார்க்க முயன்றார். அவள் அவருக்கு இடது பக்கம் நின்றிருந்தாள். இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. அவர் திருப்பவில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். டாக்டரம்மாவிடம் போய், நீங்கள் பார்த்தது சரிதான் என்று சொல்ல வேண்டும்.